கெளுத்தி மீனில் பெருக்கி எங்கே?

வாசகர்களே, குளத்து நீரில் ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருந்தால், மீன் எத்தனை கிருமிகளுக்கு நடுவே வாழ்கிறது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அதன் தோலும் செவுளும் இரவு பகலாக அந்த நீரில் நனைந்தபடியே இருக்கின்றன. இருந்தும் மீன் பிழைத்திருக்கிறது. நம் இரத்தத்தில் இருப்பவை போன்ற எதிர்ப்பொருள்கள் மீனின் இரத்தத்திலும் இருப்பது அதற்கு ஒரு முக்கியமான காரணம்.

எதிர்ப்பொருள் என்பது ஒரு புரதம். உடலுள் புகுந்த கிருமியையோ அதன் நஞ்சையோ பற்றிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்வது அதன் வேலை. இப்படி ஒரு பொருள் இரத்தத்தில் உண்டாகிறது என்பதை 1890ஆம் ஆண்டு பெர்லினில் எமில் வான் பெரிங் என்ற ஜெர்மானியரும் கிட்டசாட்டோ என்ற ஜப்பானியரும் டிப்தீரியா, டெட்டனஸ் ஆகிய நோய்களைக் கொண்டு காட்டினார்கள். அதை உற்பத்தி செய்பவை வெள்ளணுக்களில் ஒரு வகையான பி செல்கள் என்பது பின்னால் தெரிந்தது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. எதிர்ப்பொருளுக்கு உரிய ஜீன், அதாவது மரபணு, பி செல்லில் மட்டுமா இருக்கிறது? இல்லை. உங்கள் தோல் செல்லிலும் இருக்கிறது. ஈரல் செல்லிலும் இருக்கிறது. ஆனால் அங்கெல்லாம் அது வாய் திறப்பதில்லை. பி செல்லில் மட்டும் ஓயாமல் பேசுகிறது. அதைப் பேச வைப்பது எது? இந்தக் கேள்விக்கு முதல் விடை எலியில் கிடைத்தது. அதே கேள்வியை மீனிடம் கேட்டபோது கிடைத்த விடையோ யாரும் எதிர்பாராத இடத்தில் இருந்தது. அந்த வரலாற்றைத்தான் இங்கே காணப் போகிறோம்.

அச்சுக் கோப்பது போல

எதிர்ப்பொருளின் மூலக்கூறில் கனத்த சங்கிலி, இலேசான சங்கிலி என இரண்டு வகைப் புரதச் சங்கிலிகள் உண்டு. நாம் கனத்த சங்கிலியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதன் ஜீன் பிறக்கும்போதே முழுமையாக இருப்பதில்லை. டி.என்.ஏ. இழையில் வி, டி, ஜே என்று பெயரிடப்பட்ட துண்டுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. எலியில் வி துண்டுகள் மட்டும் நூற்றுக்கு மேல். அவற்றுக்குப் பின்னால் சி என்ற மாறாத பகுதி நிற்கிறது. பி செல் உருவாகும்போது, அச்சுக் கோப்பவர் பெட்டியிலிருந்து எழுத்துகளைப் பொறுக்கி எடுப்பது போல, ஒரு வி, ஒரு டி, ஒரு ஜே எடுத்து ஒட்டவைக்கப்படுகின்றன. நடுவில் இருந்த இழை வெட்டி எறியப்படுகிறது. இதைச் சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் நகரில் ஹொசுமியும் சுசுமு டொனெகாவாவும் 1976ல் நிரூபித்தனர். டொனெகாவாவுக்கு 1987ல் நோபல் பரிசு கிடைத்தது.

எதிர்ப்பொருள்களில் இத்தனை வகைகள் எப்படி என்ற பழைய புதிருக்கு இது விடையாயிற்று. ஆனால் உடனே வேறொரு புதிர் முளைத்தது. ஒவ்வொரு வி துண்டுக்கும் முன்னால் 'தொடக்கி' என்ற சிறு பகுதி இருக்கிறது. ஜீனைப் படியெடுக்கும் வேலை அங்கேதான் தொடங்க வேண்டும். துண்டுகள் ஒட்டுவதற்கு முன் இந்தத் தொடக்கி ஏறக்குறைய ஊமை. ஒட்டிய பிறகு உரக்கப் பேசுகிறது. தொடக்கியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்றுதான்: நெடுந்தொலைவில் இருந்த தொடக்கி இப்போது சி பகுதிக்கு அருகே வந்துவிட்டது. அப்படியானால் சி பகுதியின் பக்கத்தில் ஏதோ ஒன்று ஒளிந்திருந்து தொடக்கியைத் தட்டி எழுப்புகிறது என்றல்லவா கொள்ள வேண்டும்?

பெருக்கியின் கதை

அந்த 'ஏதோ ஒன்று' எப்படிப்பட்டது என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது ஒரு வைரஸ். 1981ல் சூரிச் பல்கலைக்கழகத்தில் வால்டர் ஷாஃப்னரும் அவருடைய தோழர்களும் எஸ்.வி.40 என்ற குரங்கு வைரசின் டி.என்.ஏ.வில் ஒரு சிறு துண்டை வெட்டி, முயலின் ஹீமோகுளோபின் ஜீனுடன் சேர்த்துச் செல்களுக்குள் செலுத்தினர். ஜீனின் வேலை சுமார் 200 மடங்கு பெருகியது. அதைவிட வியப்பு, துண்டை எங்கே வைத்தாலும் வேலை நடந்ததுதான். ஜீனுக்கு முன்னால் வைத்தார்கள், பின்னால் வைத்தார்கள், ஆயிரக்கணக்கான எழுத்துகள் தள்ளி வைத்தார்கள், தலைகீழாகத் திருப்பியும் வைத்தார்கள். அது சளைக்கவில்லை.

இந்தத் துண்டைப் 'பெருக்கி' என்று அழைப்போம். வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்த மாணவருக்கு இந்தச் சொல் புதிதன்று. ஆனால் ஓர் எச்சரிக்கை. வானொலியில் பெருக்கியைப் பிடுங்கி வேறு இடத்தில் தலைகீழாக இணைத்துப் பாருங்கள். ஒலி வராது, புகைதான் வரும்! டி.என்.ஏ.வின் பெருக்கிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இழை வளைந்து கொடுப்பதால் தொலைவில் இருக்கும் பெருக்கியும் தொடக்கியைத் தொட முடிகிறது. இடம் ஒரு பொருட்டல்ல என்ற இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நமக்குத் தேவைப்படும்.

வைரசில் கண்ட பெருக்கி, விலங்கின் சொந்த ஜீனிலும் உண்டா? 1983ல் விடை வந்தது. 'செல்' என்ற ஆராய்ச்சி இதழின் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. ஒன்று டொனெகாவா குழுவினருடையது. மற்றொன்று ஷாஃப்னர் குழுவினருடையது. அதே ஆண்டில் கேம்பிரிட்ஜில் மைக்கேல் நியூபெர்கரும் அதே முடிவுக்கு வந்தார். எலியின் கனத்த சங்கிலி ஜீனில், ஜே துண்டுக்கும் சி பகுதிக்கும் இடையிலுள்ள வெற்றிடம் என்று கருதப்பட்ட இழைப்பகுதிக்குள் பெருக்கி உட்கார்ந்திருந்தது! அதைப் பி செல் வகைச் செல்களில் செலுத்தினால் வேலை செய்தது. புற்றுநோயிலிருந்து வளர்க்கப்பட்ட ஹீலா செல்களில் செலுத்தினால் வாளாவிருந்தது. எதிர்ப்பொருள் ஜீன் பி செல்லில் மட்டும் பேசுவதன் இரகசியத்தில் பாதி அவிழ்ந்துவிட்டது.

மறுபாதியை அவிழ்த்தவர்களில் ஒருவரைப் பற்றி இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் நான் சற்று நின்று சொல்லாமல் போக முடியாது. வால்ட்டர் கில்பர்ட் கேம்பிரிட்ஜில் அப்துஸ் சலாமிடம் கோட்பாட்டு இயற்பியல் படித்து 1957ல் டாக்டர் பட்டம் பெற்றவர். பின்பு உயிரியலுக்குத் தாவினார். ஆசிரியர் சலாமுக்கு 1979ல் இயற்பியலில் நோபல் பரிசு. மாணவர் கில்பர்ட்டுக்கு அடுத்த ஆண்டே வேதியியலில். இந்தக் கில்பர்ட்டும், ஜார்ஜ் சர்ச்சும், டொனெகாவாவும், ஆன் எஃப்ருசியும் சேர்ந்து 1985ல் ஓர் அழகான சோதனையைச் செய்தனர். உயிருள்ள செல்லுக்குள் டைமெத்தில் சல்ஃபேட் என்ற இரசாயனத்தைச் செலுத்தினால், அது டி.என்.ஏ.வில் ஜி என்ற எழுத்துகளைத் தாக்கும். ஏதேனும் ஒரு புரதம் இழைமீது அமர்ந்திருந்தால், அதன் கீழுள்ள எழுத்துகள் தப்பிவிடும். தரையில் விரித்த பாய்மீது மழை பெய்தால் பாய்க்குக் கீழே தரை காய்ந்திருக்குமல்லவா, அதுபோல. பி செல்களில் பெருக்கியின் மேல் இப்படிக் காய்ந்த இடங்கள் தெரிந்தன. மற்றச் செல்களில் தெரியவில்லை. அந்த இடங்களில் எல்லாம் ஒரே சாயலுள்ள ஒரு சொல் இருந்தது. அதற்கு 'ஈ' சொல் என்று பெயர். ஆறு எழுத்துகள், முதலில் சி, ஏ, கடைசியில் டி, ஜி, நடுவிலுள்ள இரண்டு எழுத்துகள் இடத்துக்கு இடம் மாறும்.

இதற்குச் சற்று முன்பே, 1984ல், எதிர்ப்பொருள் ஜீன்களின் தொடக்கிகளில் மற்றொரு சொல் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. ஏ, டி, ஜி, சி, ஏ, ஏ, ஏ, டி என்ற எட்டெழுத்துச் சொல். எலியின் பெருக்கியிலும் அது இருக்கிறது. எட்டெழுத்தைப் படிக்கும் புரதங்களில் பி செல்களில் மிகுதியாக இருப்பதற்கு ஆக்ட்-2 என்று பெயர். ஈ சொல்லைப் படிக்கும் புரதங்களை 1989ல் கார்னெலிஸ் மர்ரேயும் டேவிட் பால்ட்டிமோரும் பிரித்தெடுத்தனர். இவை இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்தே இழையைப் பிடிக்கும். இடுக்கியின் இரு கைகளைப் போல. இவற்றை உண்டாக்கும் ஈ2ஏ என்ற ஜீனை எலியில் அழித்துவிட்டால் பி செல்களே தோன்றுவதில்லை என்று 1994ல் இரண்டு குழுவினர் காட்டினர்.

எலியின் கதை இவ்வளவில் நிற்கட்டும்.

ஏன் மீன்?

எலியையும் மனிதனையும் ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒரே பாடம்தான் திரும்ப வரும், இரண்டும் பாலூட்டிகள். எதிர்ப்பொருள் ஜீனின் பழைய வரலாறு வேண்டுமென்றால் நம்மிடமிருந்து 40 கோடி ஆண்டுகளுக்கு முன்பே கிளை பிரிந்த ஓர் உயிரிடம் போக வேண்டும். வில்லியம் கிளெம் என்பவர் 1967லேயே ஸ்மால் என்பவருடன் சேர்ந்து எலுமிச்சைச் சுறாவின் எதிர்ப்பொருளைப் பிரித்து ஆராய்ந்தவர். 1986ல் ஹைண்ட்ஸ், லிட்மன் இருவரும் கொம்புச் சுறாவின் ஜீனைப் பார்த்தபோது அதன் ஏற்பாடே வேறாக இருந்தது: வி எல்லாம் ஒருபுறம், சி மறுபுறம் என்றில்லாமல், வி, டி, ஜே, சி எல்லாம் சேர்ந்த சிறு சிறு கொத்துகள் பல. எலும்பு மீன்களிலோ, எலியைப் போலவே வி வரிசை முன்னால், சி பின்னால்.

இதே கிளெம் பிற்காலத்தில் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரிலுள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தார். அமெரிக்காவில் கெளுத்தி மீன் வளர்ப்புக்குப் பெயர்போன மாநிலம் அது. நம் ஊர்ச் சந்தையில் மீசையோடு துள்ளும் கெளுத்திக்குத் தூரத்து உறவான 'சேனல் கெளுத்தி' அங்கே குளம் குளமாக வளர்க்கப்படுகிறது. எட்வர்ட்சியெல்லா இக்டாலுரி என்ற பாக்டீரியா குளத்தில் புகுந்தால் மீன்கள் கூட்டம் கூட்டமாக மடியும். இந்த நோய் 1979ல் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. ஆகவே கெளுத்தியின் நோய் எதிர்ப்பை அறிவது விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரிய ஆவலாக இல்லை. குளத்துக்காரரின் பிழைப்பும் அதில் அடங்கியிருந்தது.

கெளுத்தியில் மற்றொரு வசதியும் கிடைத்தது. பாலூட்டிகளின் பி செல்களைக் கண்ணாடிக் குடுவையில் நெடுநாள் வளர்க்க வேண்டுமானால், அவற்றைப் புற்றுச் செல்லாக்கவோ வைரசால் மாற்றவோ வேண்டும். கெளுத்தியின் வெள்ளணுக்களைத் தக்கபடி தூண்டிவிட்டால் போதும், தாமாகவே தலைமுறை தலைமுறையாகப் பெருகும் என்று கிளெம், நார்மன் மில்லர் ஆகியோர் கண்டனர். சோதனை செய்ய மீனின் சொந்தப் பி செல்களே கைவசம் இருந்தன. தென் கரோலைனாவின் சார்ல்ஸ்டன் நகரிலிருந்த கிரெகரி வார், ஜாக்சன் குழுவினருடன் கைகோத்தார்.

அவர்கள் 1990ல் கண்ட ஒரு செய்தி, வரப்போகும் வியப்புக்கு முன்னோட்டம் எனலாம். ஒரே ஜீனிலிருந்து இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளும், செல்லின் மேலுறையில் பதிந்து நிற்கும் எதிர்ப்பொருளும் உண்டாகின்றன. படியெடுத்த ஆர்.என்.ஏ.வை வெவ்வேறு விதமாக வெட்டி ஒட்டுவதே இதன் உத்தி. எலியில் இந்த ஒட்டு, சி பகுதியின் நான்காம் கண்டத்துக்குள் விழுகிறது. கெளுத்தியில் நான்காம் கண்டத்தையே தாண்டிவிட்டு, மூன்றாவதன் வாலில் விழுகிறது. மேலுறையில் நிற்கும் மீன் எதிர்ப்பொருள் ஒரு கண்டம் குட்டை! அதனால் அதன் வேலை கெட்டதாகத் தெரியவில்லை.

தேடிய இடத்தில் இல்லை

இப்போது பெருக்கிக்கு வருவோம். வார் ஆய்வகத்தில் பிராட் மேகார் இந்தத் தேடலில் இறங்கினார். வழி எளிது: எளிதில் அளக்கக்கூடிய ஒரு புரதத்தின் ஜீனோடு கெளுத்தியின் டி.என்.ஏ. துண்டுகளை ஒவ்வொன்றாக இணைத்துப் பி செல்லில் செலுத்த வேண்டும். எந்தத் துண்டு அளவைக் கூட்டுகிறதோ அதில் பெருக்கி இருக்கிறது.

நீங்களாயிருந்தால் முதலில் எங்கே தேடுவீர்கள்? எலியில் கண்ட இடத்தில்தானே? ஜேக்கும் மியூ என்ற முதல் சி ஜீனுக்கும் இடையே. ஆனால் எலியில் கண்ட அந்தப் பெருக்கி கெளுத்தியில் அங்கே இல்லை. அது மியூ ஜீனைத் தாண்டி, அதன் மறுபுறத்தில் கிடைத்தது. 1994ல் வெளியான கட்டுரையின் தலைப்பே, செயல் காக்கப்பட்டிருக்கிறது, அமைப்பு காக்கப்படவில்லை என்ற பொருளில் அமைந்திருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1997ல், கெளுத்தியில் டெல்ட்டா என்ற அடுத்த சி ஜீனும் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை டெல்ட்டா மீன்களில் இல்லை என்றே பலரும் எண்ணியிருந்தனர். இன்று நாம் சொல்வதானால், கெளுத்தியின் பெருக்கி மியூவுக்கும் டெல்ட்டாவுக்கும் நடுவே இருக்கிறது.

வீட்டின் முன் வாசலில் இருந்த மின் விசை கொல்லைப்புறத்துக்குப் போய்விட்டது போல. விளக்கு மட்டும் அதே விளக்கு.

இடம்தான் மாறியது, உள்ளிருக்கும் சொற்களாவது அவையேதானா? 2001ல் சியாஃபியும் மற்றவர்களும் அந்தத் துண்டைக் கொத்திப் பார்த்தனர். சொற்கள் பழையவையே, அளவு வேறு. எலியின் பெருக்கியில் ஈ சொற்கள் பல. கெளுத்தியில் முக்கியப் பணியைச் செய்வது மியூ ஈ5 எனப்படும் ஒரே ஓர் ஈ சொல். அதற்கு ஈடாக எட்டெழுத்துச் சொற்கள் பலவாக இருக்கின்றன. அவற்றிலும் சில ஓர் எழுத்துப் பிசகியவை. அச்சுப் பிழை என்று ஒதுக்கிவிடாதீர்கள். கெளுத்தியின் ஆக்ட்-2 புரதம் இப்படிப் பிசகிய சொல் ஒன்றில் கூடுதலாகச் செயல்படுகிறது என்று 1998லேயே தெரிந்திருந்தது. பூட்டு மாறினால் சாவியும் சேர்ந்து மாறியிருக்கிறது.

ஈ சொல்லைப் படிக்கும் சாவி எது என்பதை 2004ல் ஹிகிமாவும் வார் குழுவினரும் தேடினர். கெளுத்தியின் பி செல்களில் இத்தகைய புரதங்களில் மிகுதியாகக் கிடைத்தது ஈ2ஏ குடும்பத்தைச் சேர்ந்ததாக இல்லை. ஹெப் என்று வழங்கும் அதன் உறவுப் புரதமாக இருந்தது. ஆர்.என்.ஏ.வை இரு விதமாக வெட்டி ஒட்டுவதால் அதில் இரண்டு உருவங்கள். இரண்டும் தனித்தும் கலந்தும் ஜோடி சேர்ந்தன; மியூ ஈ5 சொல்லைப் பற்றிக்கொண்டன; கெளுத்தியின் பி செல்லில் பெருக்கியை நன்றாக இயக்கின. அந்தச் சொல்லைச் சிதைத்துவிட்டால் இயக்கம் நின்றது. ஆனால் அதே புரதங்களைப் பாலூட்டியின் பி வகைச் செல்லுக்குள் விட்டபோது ஏறக்குறைய சோம்பிக் கிடந்தன! இழையைப் பிடிக்கும் கை பழையதாக இருந்தாலும், பிடித்த பிறகு கூடி வேலை செய்ய வேண்டிய கூட்டாளிகள் இந்த 40 கோடி ஆண்டுகளில் மாறிவிட்டார்கள் போலும். இது என் ஊகம்; ஆனால் வேறு விதமாகப் பொருள் கொள்வது எளிதாகத் தோன்றவில்லை.

இடம் பொருட்டே இல்லையா?

பெருக்கிக்கு இடம் ஒரு பொருட்டல்ல என்று முன்னே படித்தோம். ஆகவே அது மியூவின் முன்னால் இருந்தால் என்ன, பின்னால் இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். ஜீனைப் படியெடுக்கும் வேலைக்கு உண்மையிலேயே ஒன்றுமில்லை. ஆனால் மற்றொரு வேலைக்கு இருக்கிறது.

உங்களுக்குத் தடுப்பூசி போடும்போது முதலில் உண்டாவது எம் வகை எதிர்ப்பொருள். மியூ ஜீன் தருவது. சில நாட்களில் அதே பி செல், கிருமியைப் பற்றும் முனையை மாற்றாமல், மியூவுக்குப் பதில் காமா என்ற ஜீனைப் பயன்படுத்தி ஜி வகையைத் தரத் தொடங்குகிறது. இதற்கு வகைமாற்றம் என்று பெயர். மியூவும் அதற்கும் காமாவுக்கும் இடைப்பட்ட இழையும் அப்படியே வெட்டி வீசப்படுகின்றன. தவளை முதல் மனிதன் வரை இது நடக்கிறது. எலும்பு மீன்களில் நடப்பதில்லை.

இப்போது படத்தை மனத்தில் வரைந்து பாருங்கள். எலியின் பெருக்கி, வெட்டு விழும் இடத்துக்கு முன்னால் இருக்கிறது. மியூ போனாலும் பெருக்கி தங்கிவிடும். கெளுத்தியின் பெருக்கியோ மியூவுக்குப் பின்னால். அங்கே இப்படி ஒரு வெட்டு விழுந்தால் மியூவோடு பெருக்கியும் குப்பைக்குப் போய்விடும். புதிய ஜீன் ஊமையாகிவிடக்கூடும். மீன் வகைமாற்றம் செய்யாததற்கும் பெருக்கியின் இருப்பிடத்துக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி இப்படித்தான் எழுந்தது. வாதம் கவர்ச்சியானது, முழுமையானது என்று சொல்ல மாட்டேன். பாலூட்டிகளில் எல்லா சி ஜீன்களுக்கும் கடைசியில் வேறு பெருக்கிகளும் இருப்பது 1990 முதல் தெரியும். எலியின் ஜீன் ஒரே பெருக்கியை நம்பி வாழவில்லை.

அப்படியானால் மீனிடம் வெட்டும் கருவிதான் இல்லையோ? பாலூட்டிகளில் வகைமாற்றத்தைத் தொடங்கிவைப்பது எய்ட் என்ற நொதி. ஜப்பானில் ஹோன்ஜோ குழுவினர் 1999ல் கண்டது. ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்ட மேகார், சாண்டர்ஸ் என்பவருடன் 2004ல் அந்த நொதியைக் கெளுத்தியிலேயே கண்டுபிடித்தார். மறு ஆண்டு வேறொரு குழுவினர், எலும்பு மீனின் எய்ட் நொதியைப் பாலூட்டியின் பி செல்லில் வைத்துப் பார்த்தனர். அது வகைமாற்றத்தைச் செய்து காட்டியது! தன் வீட்டில் ஒருநாளும் செய்யாத வேலையை அடுத்த வீட்டில் செய்துவிட்டது. மீனுக்குள் அந்த நொதி வி துண்டுகளில் ஓரெழுத்து மாற்றங்களை உண்டாக்குவதோடு நின்றுவிடுகிறது. கருவி இருக்கிறது, வெட்டு விழ வேண்டிய இடங்களும், மியூவுக்குப் பதில் வந்து உட்கார ஒரு காமாவும்தான் இல்லை.

பெருக்கி இருக்கும் இடம் கெளுத்தியின் தனிக் குணமா என்ற ஐயமும் 2005ல் தீர்ந்தது. மேகார், எலெஸ்டாட் என்பவருடன் சேர்ந்து வரிக்குதிரை மீனை ஆராய்ந்தார். நம் கண்ணாடித் தொட்டிகளிலும் நீந்தும் அந்தச் சிறு மீனிலும் பெருக்கி மியூவுக்குப் பின்புறத்திலேயே இருந்தது.